தேசிக்காயில் நின்ற கார்

“...நாலு வருசத்திலை இழுத்து மூடின கொம்பனியின்ரை காரை ஆரும் வாங்குவினமே? விசரன்!” என்று அப்பா அம்மாவிடம் சொல்லி முடிக்கவில்லை. சித்தப்பா அந்தக் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு, கியூபெக்கின் வில்லரேயில் எங்கள் வீட்டுப் பின்சந்துக்கே வந்துவிட்டார்.

அப்பாவுக்கு எரியாமல் என்ன செய்யும்? முந்தின கிழமைதான் அவர் புது வான் வாங்கியிருந்தார். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இரவு பகலாக நின்று வாங்கிய வான். அதைப் பார்க்க ஈ காக்கை வரவில்லை. இந்த நூறு வயதுக் கிழட்டுக் காருக்கோ சந்தே திரண்டது. முனையிலுள்ள டெப்பனர் சில்லறைக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, எங்கள் வானிலேயே சாய்ந்துகொண்டு அதை ரசித்தார். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

சித்தப்பா கொம்பனியின் சரித்திரத்தை எடுத்துவிட்டார். “மிச்சிகன் பக்கம் ஒரு தமையனும் தம்பியும். குதிரைவண்டி செய்தவை. தம்பி அதுக்கு எஞ்சின் பூட்டினான். சனம் தம்பியையே புகழ, தமையனுக்குப் பொறுக்கேல்லை. பங்கைப் பிரிச்சுக்கொண்டு போட்டான். அதோடை கொம்பனி சரி.”

“வயித்தெரிச்சல், வேறை என்ன,” என்றார் சித்தி.

அம்மா அவசரமாக, ஆருக்குத் தேத்தண்ணி வேண்டும் என்று கேட்டார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

“பழசெண்டாலும் எங்களுக்குப் புதுசுதானே,” என்று சித்தி நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தார். சித்தப்பா முன்னால் கைபிடியைச் சுழற்ற, எஞ்சின் இருமி இருமி உயிர்பெற்றது. அவர் ஏறி உருட்டினார். ஒல்லிச் சக்கரம் தேசிக்காயில் முட்டியது; ஏற மாட்டேன் என்றது; எஞ்சின் செத்துப்போனது. சந்து முழுக்கச் சிரிப்பு. சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

“அண்ணை, ஒருக்காத் தள்ளிவிடுங்கோவன்.”

அப்பா அசையவில்லை. நிற்கட்டும், நல்லா நிற்கட்டும் என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரோ திடீரென்று சட்டைக்கையை மடித்து, பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். தேசிக்காய்கள் சளக்கென்று நசிந்தன. கைதட்டல்.

மேல்வீட்டுக் கியூபெக் பெண்மணி கமராவோடு ஓடிவந்து, வியர்த்து நின்ற அப்பாவிடம், கார் உங்களுடையதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

“வுய்,” என்று ஓமென்று தலையாட்டினார் அப்பா.

சித்தப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டது. அவர் இறங்கி, படத்தில் விழாத தூரத்துக்கு விலகிப்போய் நின்றார். தன் காரைத் தன்னுடையது என்று சொல்லத் தெரியாத ஏமாளி என்றுதான் அன்றைக்கு நான் அவரை நினைத்தேன்.

அப்பா பித்தளை விளக்கின் மேல் கையை வைத்து, மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார்.