வெட்டிப் போட்ட சல்லியம்

என் அண்ணாவின் குரல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. ஒரு கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், ஓர் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரரின் வாசிப்புக்கு நடுவே, "பேஷ், பேஷ்" என்று இரண்டே வார்த்தை.

அந்தப் பியானோக்காரர் உண்மையில் தனியாக வாசிக்கிறவர் இல்லை. பதினைந்து பேர் கொண்ட ஒரு கோஷ்டியின் தலைவர். இதில் மெட்டு எங்கே, தாளம் எங்கே என்று கேட்டால் அவர் ஊர்க்காரர்களே கையை விரிக்கிற மாதிரியான புதுவகை ஜாஸ். அமெரிக்காவில் அண்ணா வேலை பார்த்த ஊரில் அவருக்கு ஒரு கச்சேரி. பனி கொட்டி, கோஷ்டி வந்த வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னதாகவே வந்து சேர்ந்திருந்த தலைவர், குளிரில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், பியானோவின் முன்னால் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் தனியாக வாசித்திருக்கிறார். அவர் தனியாக வாசித்துப் பதிவானது அது ஒன்றுதான் என்று அண்ணா எழுதியிருந்தான். ஹாலில் யாரோ அதை டேப்பில் பிடித்து, கேட்க வந்தவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்களாம். கடையில் விற்பனைக்கு வரவே இல்லை.

மலையாள நாட்டில் இருக்கும் எங்கள் ஊரில் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரியில் கைதட்டும் வழக்கம் கிடையாது. பிடித்திருந்தால் தலையை ஆட்டலாம். தாங்கவே முடியாவிட்டால் வாய்க்குள் 'பேஷ்' என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஊர்க் கரமனையில் பிறந்து வளர்ந்த அண்ணாவுக்கு ரசிக்கத் தெரிந்த விதம் அதுதான். அங்கேயோ எல்லாரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்து, வாசித்து முடித்த பிறகு கைதட்டுவார்கள். இவன் நடுவிலேயே, அதுவும் உரக்க, சொல்லித் தொலைத்துவிட்டான். பியானோ சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அந்த மகானுபாவர் அதே சங்கதியை இன்னொரு தரம் வாசித்தார். பேஷ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் புரிந்துகொண்டார். "ரெண்டாம் பக்கம் கேட்டுப் பாரு, நம்ம மானத்தை வாங்கியிருக்கேன்" என்று அண்ணா ஒரு கடிதம் எழுதி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கேசட்டையும் கொடுத்தனுப்பினான்.

நான் அந்தப் பேஷ் வரைக்கும் கேட்டேன், சிரித்தேன், டேப்பை நிறுத்திவிட்டேன். எனக்கு அந்த வாசிப்பு வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அதற்கு மூன்றாம் வருஷம் அண்ணா மாரடைப்பில் போய்விட்டான். அவன் பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். மன்னியிடம் போட்டோக்கள் இருந்தன, கடிதங்கள் இருந்தன. குரல் இல்லை. கைபேசி இல்லாத காலம். டிரங்க் காலில் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று.

போன வருஷம் அந்தப் பிள்ளை, இப்போது முப்பது தாண்டியவன், போனில் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான். "அத்தை, அப்பா எப்படிப் பேசுவா? குரல் எப்படி இருக்கும்?"

"என்கிட்ட இருக்குடா. அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் எனக்கு எப்போதும் சத்துரு.

பீரோவின் அடியில் இருந்து எடுத்துப் பார்த்தால், நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. விசாரித்ததில் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே, மாடியில் ஒருவர் ரெக்கார்டிங் அறை வைத்திருப்பதாகத் தெரிந்தது. தும்மிக்கொண்டே படி ஏறினேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர். பக்திப் பாட்டும் உற்சவ அறிவிப்பும் பதிவு செய்வதுதான் அவர் தொழில்.

"நல்ல பூப்பல் பிடிச்சிருக்கு மாமி. ஒரு தடவ ஓடும். ரெண்டாம் தடவ ஓடும்னு உறப்பில்ல, கேட்டோ" என்றார். பிறகு, "சல்லியமெல்லாம் களஞ்ஞு, க்ளீன் ஆக்கித் தரட்டா?" என்று கேட்டார்.

சல்லியம் என்றால் எங்கள் வீட்டிலும் தொந்தரவுதான். நாடாவின் இரைச்சலைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஒண்ணு விடாம களைஞ்சுடுங்கோ" என்றேன். அண்ணாவைப் பற்றி மூச்சு விடவில்லை. முப்பது வருஷம் ஆபீஸில் எல்லாரையும் அதட்டியே காலம் தள்ளியவளுக்கு, அந்நியர் முன்னால் கண் கலங்குவது பெரிய மானக்கேடு.

பத்து நாள் கழித்துப் போனேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஹெட்போனை என் காதில் மாட்டி, இரண்டாம் பக்கத்தைப் போட்டார். பியானோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். பியானோ நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். அதே சங்கதி இன்னொரு தரம் வந்தது. பேஷ் மட்டும் வரவில்லை. பேஷ் சொன்னவன் போய்விட்டான், அதற்காகத் திரும்ப வாசித்தவர் மட்டும் இருந்தார்.

"இங்க ஒருத்தர் பேசுவாரே?"

"உண்டு மாமி, ஒருத்தன் இடையில கேறி பேஷ் பேஷ்னு. அப்புறம் இருமல், கசேர கிரீச்சுனு இழுக்கறது. எல்லாத்தையும் எடுத்துக் களஞ்ஞாச்சு. அதுக்குத்தான் நல்ல பணி இருந்தது."

"அந்த ஒருத்தன் எங்க அண்ணா" என்றேன். சொன்னதும் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளிக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் வெலவெலத்துப் போனார். நாடா ஓடி முடிகிற சமயம் இரண்டு மூன்று இடத்தில் அறுந்து பொடிந்துவிட்டதாம். களையாமல் முதலில் எடுத்த பதிவையும், உற்சவ சீசனுக்குக் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அழித்துவிட்டாராம். அழுகை போய் எனக்குக் கோபம் வந்தது. காது இருக்கா உங்களுக்கு, மனுஷாள் குரலும் இரைச்சலும் ஒண்ணா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். 'ஒண்ணு விடாம களையச் சொன்னது நீங்கதானே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். அவர் சொல்லவில்லை. தலை குனிந்து நின்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சற்று நேரம் பொறுத்து, எதுவோ ஞாபகம் வந்தவர் போலக் கம்ப்யூட்டரில் தேடினார். "மாமி, ஒரு நிமிஷம். பியானோவும் கூட வெட்டுப் பட்டிருக்கான்னு நோக்கறதுக்கு, வெட்டினத மட்டும் நான் தனியா ஒரு ஃபைல்ல வெச்சுக் கேப்பேன். எப்பவும் அப்படித்தான். அதைக் களஞ்ஞேனா இல்லையா..."

இருந்தது. 'சல்லியம்' என்று பெயர் போட்டு வைத்திருந்தார்.

பியானோவே இல்லாத ஒரு கச்சேரியைக் கேட்டேன். சீராக ஓர் இரைச்சல், யாரோ இருமுகிறார்கள், நாற்காலி முனகுகிறது, பிறகு என் அண்ணா தெள்ளத் தெளிவாக, "பேஷ், பேஷ்." இரண்டு ஃபைலையும் சேர்த்தால் பழையபடி முழுசாக ஆகிவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதொண்ணும் சாரமில்ல மாமி" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மட்டும் மிளகாய் நெடி.

சேர்த்தது, பியானோ மட்டும், சல்லியம் மட்டும் என்று மூன்றையும் மருமானுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"அத்தை, பேஷ் சொன்னப்புறம் ஒரு சிரிப்பு இருக்கு, கேட்டேளா? மெதுவா. பியானோ இல்லாத ஃபைல்லதான் கேக்கறது."

நான் கேட்டிருக்கவில்லை. இத்தனை வருஷம் அந்தச் சிரிப்பின்மேல் பியானோ வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மகானுபாவர் தன் சங்கதியைத் திரும்ப வாசித்ததைக் கேட்ட சந்தோஷத்தில் அண்ணா சிரித்திருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தேடிப் போட்டேன். மூக்கால் இரண்டு தரம் காற்று விட்டு, பிறகு தொண்டையில் உருளும் சிரிப்பு. அண்ணாவேதான்.

"அத்தை, நானும் இப்படித்தான் சிரிப்பேன். யார்கிட்டேயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றான். அந்த இடத்தை நான் மறுபடி போட, அவனும் சிரித்தான். அறையில் இரண்டு சிரிப்பும் கேட்டன. எது பிள்ளை, எது அப்பா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.