நாலு டெராபைட்டும் கொஞ்சம் கழிவும்

ஹார்ட் டிஸ்க் விற்பது கல்யாணத் தரகு மாதிரி: ஓடும்வரை யாரும் நம்மை நினைப்பதில்லை, நின்றுபோனால் மறுநாள் காலையில் வாசலில் நிற்பார்கள். கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கம்பியூட்டர் கடை. மலையில் சிக்னல் கிடைப்பதில்லை, டேட்டாவும் நெருப்பு விலை. அதனால் தேயிலைத் தோட்டங்களில் இப்போது புது மோகம் வீட்டு சேவர். பழைய கம்பியூட்டர் ஒன்றில் பெரிய டிஸ்க்கைப் போட்டு, படங்களை நிரப்பி, வைஃபை வழியாக டிவியிலும் போனிலும் பார்ப்பது. சாமானை விற்றுவிட்டுப் பேச்சும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக கடைக்காரர்களே, இதெல்லாம் உங்களுக்குத்தான்.

கட்சி நிறம்

மேல்பக்கத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிவலிங்கம் வந்தார். கொழுந்து நிறுப்பது, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று அன்றைய சம்பளத்தை முடிவு செய்வது எல்லாம் அவர்தான். தொழிலாளர் குடியிருக்கிற லயம் முழுக்கப் பார்க்கிற மாதிரி ஒரு சேவர் வேண்டுமாம். முக்கியமாக, மகள் கௌசல்யா பெரியபிள்ளையான சடங்கு வீடியோ அதில் ஓட வேண்டும். ஆறேழு வருஷத்துக்கு முன் டிரோன் எல்லாம் பறக்கவிட்டு எடுத்தது.

ராப்பகலாக ஓடுகிற சேவருக்கென்றே செய்த சிவப்பு லேபிள் டிஸ்க்கைக் காட்டினேன். சிவப்பு கட்சி நிறமாம், வேண்டாம். நீலமும் பச்சையும் வேறு வேறு கட்சிகளாம். பெட்டிக்குள் மூடி வைக்கிற சாமான், லேபிளை எலியைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்? கடைசியில் ஊதாவைத் தொட்டார். "ஐயா, அது செக்யூரிட்டி கெமராவுக்கு உள்ளதுங்க. நாள் முழுக்க ஆளுங்களக் கண்காணிக்கிற வேலைக்கு" என்றேன்.

"அப்ப அதுதான் தம்பி நமக்குப் பொருத்தம்."

பூட்டு

பொருத்திக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். சேவரைத் திறந்ததும் முதலில் வருகிற படமாகச் சடங்கில் எடுத்த மகளின் முகத்தையே வைக்கச் சொன்னார். தலையில் பிளாஸ்டிக் கிரீடம், வாய் நிறைய கேக், கண் நிறைய அழுகை. லயத்தில் யார் எந்தப் படம் பார்க்கப் போனாலும் இந்த முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கௌசல்யா இப்போது ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். "நாங்க மட்டும் பாக்குற மாதிரி இதுக்கு ஒரு பூட்டுப் போடலாமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒரு பாஸ்வேர்ட் போதும், போடலாம் என்றேன். நான் கீபோர்டில் கை வைப்பதற்குள் அப்பா தடுத்துவிட்டார்.

"ஊரு பாக்கட்டும்னுதானே டிரோன் வச்சேன், இதுக்கு எதுக்குடி பூட்டு?"

கையால் நிறுத்தவர்

இதற்கிடையில் இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக்கல் முதலாளி ஒருவர் வந்தார். டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார், டோர்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுச் சாமான் எல்லாம் இலேசாக இருக்கிறதாம், பழசுதான் பலமாம். பெட்டி பிரிக்காத புத்தம்புது டிஸ்க்கைத் தள்ளி வைத்துவிட்டு, பழசு ஒன்று இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

"மல்லி, பரண எகக் நெத்த?"

கழிவு

ஒரு வாரம்கூட ஆகவில்லை, கணக்கப்பிள்ளை புயலாக வந்தார். டிஸ்க்கின் மேல் நாலு டெராபைட் என்று போட்டிருக்கிறது, கம்பியூட்டர் மூன்று புள்ளி ஆறுதான் காட்டுகிறது. "மிச்சத்த யாரு தம்பி தின்னது?" டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், கம்பியூட்டர் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணும் என்று விளக்கினேன். "எழுதினது எழுதினபடி கெடைக்கணும்! இது பகல் கொள்ளை!" என்று குதித்தார்.

போனுக்கு ரீலோட் போட வந்திருந்த செல்லம்மா அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு கழிவு என்று கணக்கப்பிள்ளை அவருடைய நிறுவையில் தினமும் கிலோ கழிப்பது தோட்டத்துக்கே தெரியும். அக்காவின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"கோவிச்சுக்காதீங்கய்யா, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிச்சிருப்பாங்க."

ஒரே வேலைக்கு ரெண்டு ஆள்

எந்த டிஸ்க்கும் சொல்லிக்கொண்டு சாவதில்லை. அதனால் கெஞ்சிக் கூத்தாடி கணக்கப்பிள்ளையை இன்னொன்று வாங்கவைத்து, இரண்டிலும் ஒன்றே பதிகிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். ஒன்று போனாலும் மற்றது இருக்கும் அல்லவா? கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு இரண்டாவதில் இருந்ததை அழித்து, இடம் முழுக்கப் புதுப் படங்களை ஏற்றிவிட்டு, அதைப் பெருமையாகச் சொல்லவும் வந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஒரே வேலைய ரெண்டு பேரு பாத்தா ஒருத்தனுக்குப் பேரு போடமாட்டேன் தம்பி, நம்ம தோட்டத்துல அப்புடித்தான்."

கிரீடம்

மழைக் காலத்தில் ஒரு பெரிய இடி. ஊதா டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சடங்கு வீடியோ இப்போது அதில் மட்டும்தான் இருந்தது. கணக்கப்பிள்ளை அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கும்பிட்டார்.

மறுநாள் கௌசல்யா தனியாக வந்தாள். டியூசனில் பையன்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், "கிரீடம்" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். வாயில் கேக்கை அடைத்துக்கொண்டு அழுது காட்டுகிறார்களாம். பரீட்சை நெருங்குகிற நேரத்தில் டியூசனையே நிறுத்திவிட்டாள். "எல்லாத்தையும் எடுத்துக் குடுங்கண்ணே. சடங்கு மட்டும் இனி அந்தப் பெட்டிக்குள்ள வேணாம்" என்றாள்.  எனக்கு அவள் அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

டிஸ்க் கடைசி மூச்சில் ஒத்துழைத்தது, எல்லாமே வந்தது. சடங்கு வீடியோவையும் அந்த முகப் படத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். வைத்துக்கொள்வதும் வீசிவிடுவதும் அவள் இஷ்டம். மற்றதை எல்லாம் புது டிஸ்க்கில் ஏற்றினேன், இந்தத் தடவை அவரைக் கேட்காமல் சிவப்பில். கணக்கப்பிள்ளை மகளோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு படம் குறையவில்லை. "சடங்கு எங்க?" என்றார். நான் மேசைக்கடியில் குனிந்து, இல்லாத வயர் ஒன்றைத் தேடினேன். பதில் சொன்னது கௌசல்யாதான், கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவர் பேசுகிற அதே குரலில்.

"கழிவுல போயிருச்சுப்பா."

இப்போது யார் வந்து எந்த நிற டிஸ்க் நல்லது என்று கேட்டாலும், உள்ளே போடப்போவது யாருடைய முகம், அவரிடம் கேட்டீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன், அதனால் குறைகிற வியாபாரத்தைக் கழிவில் எழுதிக்கொள்கிறேன்.