ஓடும் இன்ஜினில் பார்த்த அளவு

2008ஆம் ஆண்டு நான் அண்ணாமலை நகரில் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் சிதம்பரத்தில் பேருந்து ஏறிக் கடலூர் முதுநகரில் இறங்குவேன். அங்கிருந்து அப்பாவின் லாரிப் பட்டறை நடக்கும் தூரம். அந்தச் சனிக்கிழமை நான் போனபோது, பட்டறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு அந்த ராணுவ லாரி நின்றிருந்தது.

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பத்துச் சக்கர வண்டி அது. லால்பேட்டைக்காரர் ஒருவர் அதை எடுத்து, பின்னால் கிரேன் பொருத்தி, கவிழ்ந்த டேங்கர்களைத் தூக்கி இழுத்துவரும் வேலைக்கு விட்டிருந்தார். அதற்குக் கிளட்ச் மிதி கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். கைக்கியர் லாரிகளையே வாழ்நாளெல்லாம் பிரித்துப் பூட்டிய அப்பாவிடம் அந்த வகையில் வந்த முதல் வண்டி அதுதான்.

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு டேங்கரை இழுத்து வருகையில் அது நடுச்சாலையில் நின்றுவிட்டது. இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. அப்பா முதலில் கியர் கம்பியைச் சந்தேகித்தார், பிறகு ஆயில் ஃபில்டரை. கடைசியில் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். அதில் தேங்கியிருந்த ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தது. தேய்ந்த பிளேட்டுகளின் பொடி மணல்போலப் படிந்திருந்தது. உள்ளே எல்லாம் எரிந்துவிட்டது, பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார். ஏன் எரிந்தது என்பதற்கு வண்டிக்காரரான அந்த லால்பேட்டைக்காரர் தாமே விடை கண்டுவிட்டார்: டிரைவர்தான் காரணம். மாற்றுப் பெட்டி பூட்டியதும் டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டே போய்விட வேண்டும்.

டிரைவர் பக்கத்துக் குடிகாடு ஊர்க்காரர், நாற்பதைக் கடந்தவர். போகச் சொன்ன பிறகும் அவர்தான் அன்று அப்பாவுடன் லாரிக்கு அடியில் படுத்திருந்தார்.

"யானையக் கொண்டாந்து ஆடு மேய்க்கிறவன் கையில குடுத்தேன் பாரு மச்சான்," என்றார் வண்டிக்காரர் அப்பாவிடம். "மிதிச்சு மிதிச்சே எரிச்சுட்டான்."

அடியிலிருந்து குரல் வந்தது: "நான் மிதிச்சது உங்க அவசரத்துக்குதான் மொதலாளி."

"பாத்தியா? பாக்ஸுதான் எரிஞ்சிருக்கு, வாய் அப்படியேதான் இருக்கு."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சற்று முன்புதான் அந்த வண்டியின் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்திருந்தேன்.

வண்டிக்காரர் அதே வகை லாரியிலிருந்து கழற்றிய வேறொரு பெட்டியையும், அதற்கான தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். அதைத் தமிழில் எழுதித் தரும்படி அப்பா கேட்டிருந்தார். விடுதியில் இரவல் வாங்கிய அகராதியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வேலையையும் தனித்தாளில் எழுதி முடித்திருந்தேன். ஆயில் ஊற்றும் பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது. அதை அன்று மதியம் பட்டறை மேசையில் எழுதினேன்.

ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும், வண்டி சூடேறி, கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இன்ஜினை நிறுத்தினால் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஆயிலில் ஒரு பகுதி கீழே இறங்கிவிடும். அளவுக் கம்பி பொய்யாக மிகுதியைக் காட்டும். அதை நம்பி ஆயிலை இறக்கினால் பிளேட்டுகள் எரிந்துவிடும்.

ஒரு மாதத்துக்கு முன் அதே வண்டி சர்வீசுக்கு வந்த காலையில் நான் அங்கே இருந்தேன். எந்த லாரிக்கும் செய்வதைப் போல, அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பியை உருவினார். குறிக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு ஆயில் இருந்தது. "ஆர்மிக்காரன் வீட்டுக் கல்யாணம் மாதிரி ஊத்தி வச்சிருக்கான்" என்று சொல்லி, ஒரு கேன் நிறைய இறக்கினார். டிரைவர் தயங்கியபடி, "வந்ததுலேருந்து இந்த அளவுதான் மேஸ்திரி, நல்லாதான் ஓடுது" என்றார். "நீ ஸ்டியரிங்கப் பாரு, ஆயில நான் பாத்துக்குறேன்" என்றார் அப்பா. அன்று நானும் சிரித்தேன்.

அப்பாவை ஒரு நிமிடம் தனியே அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. செயின் பிளாக்கில் தொங்கிய பெட்டி அங்குலம் அங்குலமாக இன்ஜினை நோக்கி நகர்ந்தது. அதன் முன்வாயில், கிளட்சுக்குப் பதிலாக இருந்த கன்வெர்ட்டர் நழுவாமலிருக்க அதைத் தகட்டால் கட்டியிருந்தார்கள். அப்பா கேட்கக் கேட்க ஒவ்வொரு தாளாகப் படித்துச் சொன்னேன். கடைசித் தாளை மட்டும் மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன். பெட்டி பொருந்தியது, போல்ட்டுகள் இறுகின. டிரைவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அப்பா ஆயில் ஊற்றினார். இன்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தினார். சிறிது பொறுத்துக் கம்பியை உருவினார்.

"ஜாஸ்தியா இருக்கு. கேனக் கொண்டா."

டிரைவர் கேனை எடுக்கக் குனிந்தார்.

"வேணாம்பா," என்றேன். அது நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "வண்டி ஓடும்போது பாக்கணும்னு போட்டிருக்கு. நின்னா தப்பாதான் காட்டும்."

"எப்பவும் நிறுத்திதானே பாப்போம்?"

"இதுக்கு அப்படி இல்லப்பா."

வண்டிக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேபினில் ஏறிக் கிளப்பினார். சூடேறக் கால் மணி நேரமாயிற்று. ஓடும் இன்ஜினிலிருந்து அவர் மறுபடி உருவிய கம்பியில், குறிக்கு ஒரு விரல் கீழேதான் ஆயில் நனைத்திருந்தது. அவர் அதைத் துடைத்து இன்னொரு முறை விட்டு எடுத்தார். அதே இடம்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அவர் வண்டிக்காரரிடம் வந்தார்.

"பாய், போன மாசம் ஒரு கேன் ஆயில் எறக்கினது நான்தான். அதுலதான் எரிஞ்சிருக்கு. இவரு மேல தப்பு கிடையாது."

"என்னா மச்சான் சொல்ற?"

"வேணாம்னு சொன்னாரு. நான்தான் கேக்கல."

வண்டிக்காரர் அப்பாவையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மேசையிலிருந்த சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். "ஏறு. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒண்ணு கவுந்து கெடக்குதாம்."

டிரைவர் அதை உடனே வாங்கவில்லை. "ஆடு மேய்க்கிறவன் கையிலயா மொதலாளி?"

"டேய், வாங்குடா. நேரமாவுது."

"சொன்னதுக்கு ஒரு வார்த்த?"

வண்டிக்காரர் சாலைப் பக்கம் பார்த்தார். "தப்புதான்ப்பா," என்றார், மிகத் தாழ்ந்த குரலில். டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆயிலை நிரப்பி லாரியை அனுப்பிய பிறகு அப்பா சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"எப்பப் படிச்ச அத?"

"மத்தியானம்."

"மத்தியானமே சொல்லியிருக்கலாமே. எங்கிட்ட மட்டும்."

நான் இன்னொரு குவளை மொண்டேன். அவர் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார்.

"தனியா சொன்னா, அளவ மட்டும் சரி பண்ணிட்டு அந்தாள அனுப்பிருப்பேன்னு நெனச்சியா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையை நீட்டியபடியே நின்றார். மிச்சத் தண்ணீரை ஊற்றினேன்.