பிக்கப்பில் பாட்டு செற் பூட்டிய கதை

செட்டிகுளத்தில் வாகனங்களுக்குப் பாட்டு செற் பூட்டும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், செய்தது பிழை. என்னைக் கத்தவிட்டிருக்கக் கூடாது.

என் பிக்கப்பில் அவர் பூட்டிய செற் முதல் வாரம் அருமையாகப் பாடியது. பிறகு பேஸ் ஸ்பீக்கர் பெட்டி கறகறவென்று இரைந்தது. நேரே அவருடைய கடைக்குப் போனேன். ஆட்கள் நிறைந்து நிற்க, "பழைய ஸ்பீக்கரைப் புதுசெண்டு வித்த கள்ளன்!" என்று கத்தினேன். செற் பூட்ட வந்திருந்த இரண்டு பேர் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

நானா நேரே பிக்கப்புக்குள் ஏறினார். இருக்கைக்குப் பின்னாலிருந்த பெட்டியைக் கழற்றி, அதன் காற்றுத் துளை கீழே வரும்படி கவிழ்த்தார். பொலபொலவென்று நெல் கொட்டியது.

"தம்பி, பெட்டிக்குள்ளயும் விதைச்சிருக்கிறியள். அறுவடை எப்ப?"

விதைநெல் மழையில் நனையக்கூடாதென்று மூட்டையை அந்தப் பெட்டியின் மேல் ஏற்றிவந்தவன் நான்தான். மூட்டையில் ஓட்டை இருந்திருக்கிறது.

"விதைப்பு நேரம் ரெண்டு மூண்டு பேர் இப்பிடி வருவினம்" என்றார் நானா.

கடையே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் பாட்டைப் போட்டார். கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. திரும்பும் வழியில் பூவரசங்குளம் வரை கூடவே பாடிக்கொண்டு வந்தேன்.

புறப்படுமுன் மன்னிப்புக் கேட்டதற்கு, "விடுங்கோ தம்பி, முடிஞ்ச கதை" என்றார். திரும்பிப் போன இருவருக்கும் அது முடியவில்லை. அவர்களுக்காகவே எழுதுகிறேன்: அவர் கள்ளன் இல்லை, நான்தான் மடையன். நானா, என்னை மன்னித்தீர்களா, இல்லையா? எல்லோரும் அறிய இந்தப் பதிவின் கீழேயே பதில் எழுதுங்கள்.