கரட்டு உச்சி நோட்டு

மூடியைத் திறப்பதற்கு முன் வெங்கடபதி அந்தத் தூக்குப்போசியைக் காதோடு சேர்த்து வைத்து மெல்ல ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார். உள்ளே நோட்டு அசைகிற சத்தமும், பென்சிலும் சில சின்னச் சாமான்களும் உருளுகிற சத்தமும் மட்டும் கேட்க வேண்டும். வேறு எது கேட்டாலும் முகம் மாறிவிடும். ஒரு முறை யாரோ உள்ளே கடலைமிட்டாய் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எறும்புகள் மிட்டாயைத் தின்று முடித்து, நோட்டின் ஓரத்தையும் ருசி பார்த்திருந்தன. "மிட்டாயி வெக்கற எடமுங்களா இது? எறும்புக்கு நாமளே அட்ரஸ் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே உள்ள மொட்டைக்கரடு என்ற பாறைக்குன்றின் உச்சியில், இரண்டு பாறைகளுக்கு நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருக்கிறது. மோர் கொண்டுபோகிற தூக்குவாளி அளவுள்ள ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி அதற்குள் ஒன்பது வருடங்களாக இருக்கிறது. அதை மறைத்து மூன்று கற்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரடு ஏறுகிற எட்டுப் பேருக்கும், அவர்கள் வாய்வழியாகக் கேள்விப்பட்டு வருகிற இன்னும் சிலருக்கும் மட்டுமே அந்த இடம் தெரியும். தேடிக் கண்டுபிடிக்கிறவர் உள்ளேயிருக்கும் நோட்டில் தேதி, நேரம், காற்று, வெயில், கூட வந்தவர் யார் என்று எழுத வேண்டும். உள்ளே கிடக்கும் சின்னப் பொருள்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் வேறொன்றை வைக்க வேண்டும். எடுத்தது, வைத்தது இரண்டையும் எழுத வேண்டும். பரிசோ கோப்பையோ கிடையாது. போசியையும் நோட்டையும் பார்த்துக்கொள்பவர் வெங்கடபதி.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கர். வார்க்கப்போகிற பம்புக்கு முதலில் மரத்தில் உருவம் செய்கிற வேலை. உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அந்த வேலைக்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஓர் அங்குலம் என்பது ஓர் அங்குலத்தைவிட மயிரிழை கூடுதலாக இருக்கும். "எங்க ஸ்கேலே பொய்யிதானுங்க. ஆனா எத்தனை பொய்யின்னு அதுமேலயே எழுதியிருக்கும்" என்பார். ஊர்ப் பேச்சில் அவர் தாராளமானவர். நோட்டு என்று வந்துவிட்டால் கருமிதான். ஏழு பத்துக்கு உச்சிக்கு வந்தவர் ஏழு என்று எழுதினால் பென்சிலைத் திரும்பக் கையில் கொடுப்பார்.

அவருடைய சட்டங்கள் எதுவும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஏறும்போதே சொல்லிக்கொண்டு வருவார். ஆடு மேய்க்கிறவர் பார்த்துக்கொண்டிருந்தால் கல்லை நகர்த்தக் கூடாது. அவர் போகும் வரை கரட்டை ரசிப்பதுபோல நிற்க வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். எடுத்த கல் எடுத்தபடியே, பாசி படிந்த பக்கம் வெளியே தெரியும்படி திரும்பப் போக வேண்டும். தன் கையால் போசியைத் தொட்டவர்தான் தன் பெயரை எழுதலாம். தேடியும் கிடைக்காமல் திரும்பியவர், அடுத்த முறை வரும்போது அதையும் எழுத வேண்டும். "கெடைக்கலைன்னு எழுதறதும் எழுத்துத்தானுங்க. அதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

நோட்டின் கடைசித் தாள் மட்டும் அவருக்கானது. மூடிக்கும் போசிக்கும் நடுவில் மழைத்தண்ணீர் புகாமலிருக்க, லாரி ட்யூபில் வட்டமாக வெட்டிய ரப்பர் ஒன்றைப் பொருத்தியிருப்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதைச் சோதித்து, ஈரம் இல்லை, ரப்பர் சரி என்று தேதி போட்டுக் கையெழுத்திடுவார்.

1997 ஜூன் 22ஆம் தேதி, ஜவுளிக்கடை கதிர்வேல் அகப்பட்டார். மே மாதத்தில் தனியாக ஏறியதாக நோட்டில் எழுதியிருந்தார். வெங்கடபதி அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க கதிர்வேலு, மே மாசம் உள்ள என்ன பென்சிலுங்க இருந்துச்சு?"

"பென்சில்தானுங்கண்ணா. மரப் பென்சிலு."

"செவப்புங்க. கறுப்புப் பென்சில் தீந்துபோயி, என்ற செவப்புப் பென்சிலப் போட்டுவெச்சிருந்தேன். நீங்க எழுதுனது கறுப்பா இருக்குது."

நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். கதிர்வேல் தலையைச் சொறிந்தார். "பாதி ஏறுனனுங்க. வெயிலு மண்டையப் பொளந்துச்சு. இன்னைக்கு வந்ததும் அதையும் சேத்து எழுதிப்போட்டேன். பாதிக் கரடு கணக்குல வராதுங்களா?"

"பாதின்னே எழுதியிருந்தா வருமுங்க."

அந்த வரியை அடிக்கச் சொன்னார். அடித்து, பக்கத்தில் ‘பாதியில் திரும்பினேன்’ என்று எழுத வைத்த பிறகே விட்டார். அன்று சிரித்த நால்வரில் தனபாலும் ஒருவர். துடியலூரில் தாமிரக் கம்பியில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தவர். நாற்பத்தொரு வயது. பதினெட்டு நாள் கழித்து, ஜூலை பத்தாம் தேதி, பட்டறையில் வேலையாக இருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தனபாலின் தங்கை மோகனப்பிரியா ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகர். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் நல்ல மனுசன் என்றார்கள், தங்கமானவர் என்றார்கள். அவளும் தலையாட்டினாள். சொல்லச் சொல்ல அண்ணன் யாரோ ஒரு பொது மனிதராக ஆகிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அவளுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. இறப்பதற்கு முந்தைய ஞாயிறு, அண்ணன் தனியாகக் கரடு ஏறிவிட்டு வந்தார். அப்படியானால் அந்த நோட்டில் ஏதாவது எழுதியிருப்பார். அவர் கடைசியாக எழுதியது அதுவாகத்தான் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் வெங்கடபதியின் வீட்டுக்குப் போய் அதைக் கேட்டாள்.

"முட்டி வீங்கிப்போயி, ஜூன் மாசத்துக்குப் பொறவு நான் மேல போவலைங்க அம்மணி" என்றார் அவர். "அந்த ஞாயித்துக்கெழமை தம்பி தனியாப் போனதும் அதனாலதான். நடுவுல மழை வேற." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழமை கூட்டிப்போறேனுங்க" என்றார்.

முட்டியில் துணி சுற்றிக்கொண்டு ஏறினார். கதிர்வேலும் வந்தார். உச்சியில் கற்களை எடுத்து, போசியைக் காதில் வைத்து ஆட்டினார். தண்ணீர் தளும்புகிற சத்தம்தான் கேட்டது. மூடியைத் திறந்ததும் பாதிப் போசி வரை தண்ணீர் நின்றது. நோட்டு ஒரு பாலிதீன் பைக்குள், நூலால் கட்டப்பட்டு, உப்பிப்போய் ஒரே கட்டியாக இருந்தது.

"இந்தப் பையி நான் போட்டதில்லீங்களே" என்றார் வெங்கடபதி. பைக்குள்ளும் ஈரம் ஏறியிருந்தது. பை மட்டும் இல்லாமலிருந்தால் நோட்டு கூழாகியிருக்கும். மோகனப்பிரியா அழவில்லை. ஒரு பக்கத்தைப் பிரிக்கக் கை நீட்டினாள். "தொடாதீங்க அம்மணி. இப்பத் தொட்டா கிழிஞ்சு போயிரும். எனக்கு நாலு நாள் குடுங்க" என்று தன் தோள் துண்டில் நோட்டைக் குழந்தையைப்போலச் சுற்றி எடுத்துக்கொண்டார்.

ஃபவுண்டரியில், வார்ப்பின் உள்ளே வெற்றிடம் விழ வைக்கிற மணல் கோர்களை வாட்டி எடுக்கும் அடுப்பு ஒன்று உண்டு. மாலையில் நெருப்பை நிறுத்திய பிறகும் இரண்டு மணி நேரம் இளஞ்சூடு இருக்கும். நான்கு நாளும் வேலை முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்தார். சீவிய மூங்கில் துண்டால் ஒரு தாளைப் பிரிப்பது, மர உருவம் மணலில் ஒட்டாமலிருக்கத் தூவுகிற வெள்ளைப் பொடியை நடுவில் தூவுவது, அடுத்த தாளைப் பிரிப்பது. பென்சில் என்பதால் எழுத்து கரையவில்லை. பிரித்த தாள்கள் தைத்த நூலை விட்டுத் தனித்தனியாக வந்தன.

அந்த நாள்களைப் பற்றி மோகனப்பிரியாவிடம் பிற்பாடு சொன்னவர் அடுப்பு பார்க்கும் அக்பர் அலி. மூன்றாம் நாள் வெங்கடபதி மேஸ்திரி ஒரு தாளைப் பிரித்துப் படித்துவிட்டு அரைமணி நேரம் அசையாமல் இருந்தாராம்.

"மேஸ்திரி, தாளு அடுப்புப் பக்கம் பறந்துரப்போகுதுங்க."

"பறந்தாத் தேவலைன்னுதான் பாய் நெனச்சுட்டு இருக்கறேன்."

அக்பர் அலிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்க்கும்போதே வெங்கடபதி எழுந்து அந்தத் தாளின் மேல் ஓர் இரும்புக் கட்டையை எடுத்து வைத்தாராம்.

வெள்ளிக்கிழமை மாலை வெங்கடபதி மோகனப்பிரியாவின் துடியலூர் வீட்டுக்கு வந்தார். இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவில் தாள்கள். அதிலிருந்து இரண்டை மட்டும் உருவி மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். "ரெண்டையும் படிங்க அம்மணி."

முதல் தாளில் அண்ணனின் சாய்ந்த கையெழுத்து.

‘6.7.97 ஞாயிறு. காலை 7.40. தனியாக. காற்று பலம். மூடி ரப்பர் ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. பழைய வெடிப்பு. வெங்கடபதி அண்ணனிடம் சொல்ல வேண்டும். பன் வாங்கிய பையில் நோட்டைப் போட்டுக் கட்டியிருக்கிறேன். எடுத்தது: பச்சைக் கோலி, பிரியா மேசைக்கு. வைத்தது: தாமிரக் கம்பி மோதிரம், நான் சுற்றியது.’

இரண்டாம் தாளில் வெங்கடபதியின் அச்சுப்போன்ற எழுத்து. ‘22.6.97. ஈரம் இல்லை. ரப்பர் சரி.’

அவள் முதல் தாளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். காலை 7.40. அந்த நேரத்துக்கு அவள் இங்கே இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கே அண்ணன் காற்றில் குனிந்து, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டு, பன் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுசன், தங்கமானவர் என்று சொன்ன யாரும் கொண்டுவந்து தராத ஒரு காலைப்பொழுது அது.

"என்றகிட்டக் குடுக்கையில, கோலி உக்கடத்துக் கடையில வாங்குனேன்னு சொன்னாருங்க" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. "நோட்டுல ஒரு நிமிசம்கூட மாத்தி எழுதாத மனுசன், ஊட்டுல இப்படி."

வெங்கடபதி சிரிக்கவில்லை. "பழைய வெடிப்புன்னு எழுதியிருக்கறாருங்க. உண்மைதான். ஜூன் இருபத்திரண்டே நான் பாத்துப்போட்டேன்."

"பொறவு ஏனுங்கண்ணா சரின்னு எழுதுனீங்க?"

"கதிர்வேல நாலு பேரு முன்னால அடிச்சு எழுத வெச்சு அரைமணி நேரம்கூட ஆகலைங்க. மூடியத் திருப்புனா வெடிப்பு. மாத்து ரப்பரு வெட்டி வெச்சது ஃபவுண்டரியில என்ற மேசைமேல கெடக்குது. மறந்துபோட்டு வந்துட்டேன்னு அவங்க முன்னால எழுதக் கூச்சமாப் போச்சு. ரெண்டு வாரத்துல வந்து மாத்திக்கலாம்னு..." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பையக் கட்டலைன்னா உங்க அண்ணன் எழுத்து இன்னைக்கு இல்லீங்க. என்ற பொய்யால போயிருக்கும்."

அவள் அண்ணனின் தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "இந்தத் தாளு பிரிக்கையில கிழிஞ்சுபோச்சுன்னு நீங்க சொல்லியிருந்தா, நான் நம்பியிருப்பனுங்களே."

"நம்பியிருப்பீங்க."

"பொறவு ஏன் கொண்டாந்தீங்க?"

"தனபாலு கையெழுத்துங்களே அம்மணி" என்றார், இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்பதுபோல.

அவளுக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது, இருந்தது. ஆனால் அது தங்குவதற்கு இடமில்லாமல் மனம் வேறொன்றால் நிறைந்திருந்தது. கைகூப்ப வேண்டும் என்று தோன்றியது. கூப்பினால் அவர் இன்னும் கூசிப்போவார் என்றும் தெரிந்தது. உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டுவந்தாள். பிறகு, "அண்ணன் தாளு கரட்டு மேல நோட்டுல இருக்க வேண்டியதில்லீங்களா?" என்று கேட்டாள்.

"என்றகிட்டச் சொல்லோணும்னு எழுதியிருக்கறாரு. சொல்லிப்போட்டாரு. இனி அது உங்களுதுங்க" என்று சொல்லிவிட்டு, தன் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, புது நோட்டோடு எல்லோரும் ஏறினார்கள். மோகனப்பிரியாவும் போனாள். முதல் பக்கத்தில் வெங்கடபதி எழுதினார்: ‘22.6.97 அன்று ரப்பர் சரி என்று நான் எழுதியது உண்மையல்ல. வெடித்திருந்ததைப் பார்த்தேன். தனபால் பை கட்டியதால் நோட்டு பிழைத்தது.’ கீழே முழுக் கையெழுத்து.

கதிர்வேல் எட்டிப் பார்த்தார். "எனக்கு மட்டும் அடிச்சு எழுதணும்னீங்க. நீங்க அடிக்காமயே எழுதறீங்களே?"

வெங்கடபதி சட்டைப்பையிலிருந்து பழைய தாளை எடுத்து, பாறைமேல் விரித்து, ‘ரப்பர் சரி’ என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். "ஆச்சுங்களா?"

"இப்ப ஆச்சுங்கண்ணா" என்றார் கதிர்வேல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நோட்டு, பென்சில், தாமிர மோதிரம் உட்பட இரண்டு மூன்று சின்னப் பொருள்கள் எல்லாம் போசிக்குள் போயின. புது நோட்டின் கடைசித் தாளில் தேதி மட்டும் போட்டிருந்தது, ரப்பரைப் பற்றி இன்னும் எழுதவில்லை. வெங்கடபதி மூடியைக் கையில் எடுத்தார். மூடுவதற்குப் பதிலாக அதைக் கவிழ்த்து, புது ரப்பர் மேலே தெரியும்படி, இரண்டு கைகளாலும் மோகனப்பிரியாவின் முன்னால் நீட்டினார். அவள் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்று முழுவதும் அழுத்திப் பார்த்து முடிக்கும்வரை, காற்றில் துண்டு நழுவி விழுந்தும் குனியாமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.