கேட்டுக்குள்ள டேங்கர் வரக்கூடாது

குழாய் வேலை பார்க்கிறவன் ஞாபகம் ஊருக்கு ரெண்டே நேரம்தான் வரும்: தண்ணி வராதபோது, இல்லாட்டி நிக்காதபோது. காலையில குழாயைத் திறந்து புஸ்ஸுனு வர்ற காத்தை மட்டும் கேட்டு மனசு ஒடிஞ்ச மக்களே, நாம எல்லாம் ஒரே சாதிதான், அதனால உங்ககிட்ட சொல்லுதேன். நான் தாராவிக்காரன். பம்பாயில ஒரு கிரிக்கெட் ஸ்டேடியத்துல மழைத்தண்ணித் தொட்டிக்கும் பம்புக்கும் நான்தான் பொறுப்பு.

முதல் மழை

கேலரிக் கூரையில விழுற மழை பைப் வழியா இறங்கி, ஜல்லியும் மணலும் கரியும் போட்ட குழியில வடிஞ்சு, பூமிக்கடியில இருக்கிற தொட்டிக்குப் போகும். தொட்டி நிறைஞ்சா மிச்சம் பழைய கிணத்துக்கு. முதல் மழை மட்டும் தொட்டிக்குப் போகக்கூடாது. அதை வெளியே விடுறதுக்குன்னே ஒரு வால்வு வச்சிருக்கு. தொட்டி கட்டின வருஷம் ஜூன்ல வானம் கறுத்ததும் எனக்குக் கை பரபரன்னு ஆயிட்டு. குடத்தோட வரிசையில நின்னு வளர்ந்தவன் நான். சும்மா வர்ற தண்ணியைச் சாக்கடையில விட எவனுக்குய்யா மனசு வரும்? வால்வை இறுக்க மூடிட்டேன்.

நாலாம் நாள் தொட்டி மூடியைத் திறந்தா, யா அல்லா! வெயில் காலம் பூரா கூரையில புறா போட்டதெல்லாம் உள்ள வந்து கூடிக் கிடக்கு. கேலரி கூட்டுற செல்லத்தாய் அக்கா அங்கன வந்துச்சு. அதுவும் தாராவிதான், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு எட்டிப் பார்த்துட்டுச் சொல்லுச்சு: "என்ன பாய், மழைத்தண்ணி புடிக்கேன்னு சொல்லிட்டு புறா ரசம்லா வச்சிருக்கீரு!"

செக்ரட்டரி தீர்ப்பு

தொட்டியை இறைச்சுக் கழுவ மூணு நாளாச்சு. நாத்தம் விஐபி பாக்ஸ் வரைக்கும் போயிட்டு. கிளப் செக்ரட்டரி மாட்டுங்காக்காரர், நம்ம தமிழ்தான். கோபம் வந்தாலும் குரல் உயராது, அதனாலயே எனக்கு அவரைக் கண்டா பயம். தொட்டியில மண்ணைக் கொட்டி மூடிட்டு கார் பார்க்கிங் போடணும்னு கமிட்டியில பாதிப் பேர் ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நானே அவங்களுக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிட்டு.

அவர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே நிதானமாச் சொன்னார்: "ஒரு வருஷம் டயம் தரேன். அடுத்த மழை வரைக்கும் நம்ம கேட்டுக்குள்ள ஒரு தண்ணி டேங்கர் வரப்படாது. வந்ததோ, அன்னிக்கே தொட்டியை மூடிடுவோம், நீங்களும் வேற வேலை பார்த்துக்கோங்கோ."

அக்கா ஏறின கூரை

அன்னையிலேருந்து எங்க டேங்கர் ஹாரன் கேட்டாலும் கேட்டுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த வருஷம் என்னைத் தாங்கினது செல்லத்தாய் அக்காதான். ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு கூரை ஓரத்துக்கு ஏறிடும். தண்ணி ஓடுற தகரக் கால்வாய்ல அடைச்சிருக்கிற வேர்க்கடலைத் தோல், வடாபாவ் காகிதம், குட்கா பாக்கெட் எல்லாத்தையும் கையால அள்ளிச் சாக்குல போடும். யாரும் சொல்லலை, யாரும் கேக்கலை. அந்த வருஷ மழையில தொட்டி கண்ணாடியா நிறைஞ்சுதுன்னா அது அந்த அக்கா கைராசி, என் பைப்பு இல்லை.

"இது உங்க வேலை இல்லையே அக்கா, எதுக்கு இந்தப் பாடு?"ன்னு ஒரு நாள் கேட்டேன். சாக்கைத் தோள்ல மாத்திக்கிட்டே சொல்லுச்சு: "எங்க சந்துல அரை மணிநேரம்தான் தண்ணி வருது பாய். இம்புட்டுத் தண்ணி ஒரே எடத்துல நிக்கத நான் கண்ணாலயாவது பாக்க வேண்டாமா?"

ஐஸ் தண்ணி

புல்லுக்குப் பொறுப்பு ஷிண்டே காக்கா, சாத்தாரா பக்கத்து மராட்டிக்காரர்; அவங்க பாஷையில காக்கான்னா சித்தப்பா. முன்னெல்லாம் ஹோஸைப் பிடிச்சா மைதானமே குளமாகும். சங்கதி தெரிஞ்சதும் மனுஷன் அப்படியே மாறிட்டார். காலையில செருப்பைக் கழட்டிட்டு மைதானம் பூரா நடப்பார். பாதத்துக்கு எங்க காய்ஞ்சிருக்கோ அங்க மட்டும் தண்ணி. நான் வாங்கி வச்ச ஈரம் பார்க்கிற மீட்டர் கடைசி வரைக்கும் டப்பாவை விட்டு வெளியே வரலை.

ஏப்ரல்ல ஒரு மேட்ச். ஆடி முடிச்ச பசங்க ஐஸ் போட்ட தொட்டியில உக்காந்து எழுந்திரிப்பாங்கல்லா, அந்தத் தண்ணியை நானும் காக்காவும் வாளி வாளியாக் கொண்டுபோய் எல்லைக்கோட்டுப் புல்லுக்கு ஊத்தினோம். வெளியூர் டீம்ல ஒரு தமிழ்ப் பையன், வேகப்பந்து போடுறவன், அதைப் பார்த்துட்டு ஓடி வந்தான்: "அண்ணே, நான் உக்காந்த தண்ணியா? அப்ப இந்தப் புல்லு என் கட்சிதானே! பவுண்டரிக்குப் போற பந்தைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தச் சொல்லுங்கண்ணே!"

டேங்கர் வந்த நாள்

ஜூன் பிறந்தாச்சு, மழையைக் காணோம். காக்கா மூங்கிலை விட்டுப் பார்த்தார். தொட்டியில முழங்கால் அளவு, கிணத்துல அதைவிடக் கொஞ்சம் கூட. பத்து நாள் ஓட்டலாம். அப்ப கேட்டுல ஹாரன். போய்ப் பார்த்தா டேங்கர்! எந்தப் பாவி போன் போட்டான்? தாழ்ப்பாளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

டிரைவர் இறங்கி, "பாய், காலி வண்டி. தண்ணி கொடுக்க வரலை, எடுக்க வந்திருக்கு"ன்னான். பின்னாலயே ஒரு கார். செக்ரட்டரி இறங்குறார், சவரம் பண்ணலை, சட்டை கசங்கிக் கிடக்கு. அவர் பில்டிங்குக்கு வர்ற மெயின் பைப் உடைஞ்சு மூணு நாளாம். எங்கேயும் டேங்கர்ல நிரப்பத் தண்ணி கிடைக்கலையாம். "குடிக்கறதுக்கு இல்லே... பாத்ரூமுக்குத்தான். ஒரு லோடு கிடைக்குமா?"ன்னு தரையைப் பார்த்துக்கிட்டே கேட்டார். நான் காக்காவைப் பார்த்தேன். ஒரு லோடு போனா புல்லுக்கு நாலஞ்சு நாள் மிஞ்சும்னு விரலைக் காட்டினார். கொடுக்கலாம்னு தலையை ஆட்டினார்.

நான் தாழ்ப்பாளை எடுக்கப் போனேன். செல்லத்தாய் அக்கா விளக்குமாத்தோட குறுக்க வந்து நின்னுட்டு. "கேட்டுக்குள்ள டேங்கர் வந்தா அன்னைக்கே தொட்டிய மூடணும்னு நீங்கதான சார் சொன்னிய? இப்ப என்ன செய்ய?" அவர் அக்காவைப் பார்த்தார், தொட்டி மூடியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சார். அப்புறம் சொன்னார்: "கேட்டைத் திறங்கோம்மா. தொட்டியை மூடற பேச்சை இனிமே எவன் எடுத்தாலும் எங்காத்துக்கு அனுப்புங்கோ."

நாலாம் நாள் மழை வந்தது, வால்வைத் திறந்து முதல் தண்ணியை மனசைக் கல்லாக்கிக்கிட்டு வெளியே விட்டேன். நான் கண்டது இதுதான்: பம்பாயில ஒரு தொட்டியோட அருமை புரியுறதுக்குக் கமிட்டி கூட வேண்டாம், கமிட்டிக்காரர் வீட்டு பாத்ரூம்ல மூணே மூணு நாள் தண்ணி வராம இருந்தாப் போதும்.