பிர்ரியா வெந்த புதன்கிழமை

எங்கள் வீட்டில் இறைச்சி சமைக்காத அந்த வசந்தகாலத்தில் எனக்கு ஒன்பது வயது. 2009ஆம் ஆண்டு. மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். மாசி மாதத்தோடு அவருடைய தொலைபேசி நின்றுபோயிற்று. அவருடைய குரலைக் கேட்கும்வரை வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறிதான் என்று அம்மா முருகனுக்கு நேர்ந்திருந்தார். நேர்த்தி அம்மாவுடையது, பருப்பு மட்டும் எல்லோருக்கும்.

அப்பாதான் பாவம். சுவிஸில், பீல் நகரில் ஒரு மெக்சிக்கோ உணவகத்தில் சமையலுக்கு நின்றார். நாள் முழுக்க இறைச்சியோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பருப்பும் கீரையும் சாப்பிடுவார். அங்கே அவருடைய கைக்கென்றே விடப்பட்ட ஒரு கறிக்குப் பிர்ரியா என்று பெயர். ஆட்டிறைச்சியை அரைத்த காய்ந்த மிளகாயில் ஊறவைத்து, சட்டியை மூடி, சின்ன நெருப்பில் அரை நாள் விடவேண்டும். பிர்ரியா என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்று அர்த்தமாம். நாட்டைப் பிடித்த வெள்ளைக்காரர் வேண்டாமென்று தள்ளிய நாறல் ஆடுகளை ஏழைகள் இப்படித்தான் சாப்பாடாக்கினார்கள் என்று முதலாளியம்மா சொன்ன கதையை அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

"அப்ப உங்கட பேரைத்தான் வச்சிருக்கினம்," என்றார் அம்மா.

அந்த ஆண்டில் அம்மா விட்ட கடைசிப் பகிடி அதுவாகத்தான் இருக்கும்.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் அரை நாள். அம்மா மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நிற்பார். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் உணவகம் பூட்டியிருக்கும் நேரத்தில் அப்பா வீட்டுக்கு வந்து சற்றுப் படுப்பது வழக்கம். ஒரு புதனன்று அவர் படுக்கவில்லை. என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உணவகத்துக்கே திரும்பிப் போனார்.

சமையலறையில் ஒருவரும் இல்லை. அப்பா பிர்ரியாச் சட்டியைத் திறந்தார். முதலில் ஒரு கோப்பையில் சோறும் இறைச்சியும் போட்டு, பக்கத்தில் ஒரு கிளாஸ் பியரும் ஊற்றி, யன்னலோரத்தில் வைத்தார். முதலாளியம்மாவுக்கு ஆக்கும் என்று நினைத்தேன். அந்தக் கோப்பைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எனக்கும் தனக்கும் போட்டார்.

"சாப்பிடு பிள்ளை."

"அம்மாவின்ரை நேர்த்தி?"

"அப்பா சொல்லுறன், சாப்பிடு. அம்மாவுக்குச் சொல்லாதை."

எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ருசியாக அதற்குப் பிறகு நான் எதையும் சாப்பிட்டதில்லை. அப்பா மெதுவாகச் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து அம்மாவுக்குச் செய்தி வந்தது. மாமா ஷெல்லடியில் போய்விட்டார். அம்மா தரையில் விழுந்து குழறினார். நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு சவர்க்காரம் போட்டு நாக்கைத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் என்ன, தின்றது தின்றதுதான். நேர்த்தியை முறித்து மாமாவைக் கொன்றது நானும் அப்பாவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என்னை நான் மன்னிக்கவில்லை. தின்னச் சொன்ன அப்பாவை அதைவிட மன்னிக்கவில்லை. அதன் பிறகு அவர் கூப்பிட்டால் போகமாட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். வளர்ந்து, நேர்த்திக்கும் ஷெல்லுக்கும் சம்பந்தமில்லை என்று விளங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

போன வருடம் அப்பா இறந்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்த மச்சமெல்லாம் சமைத்து, முதலில் அவருக்குப் படைத்துவிட்டு, உறவுக்காரர் கூடியிருந்து சாப்பிடுகிற நாள். ஆரா நகரிலிருந்து வந்திருந்த அப்பாவின் சிநேகிதர் என் பக்கத்தில் இருந்தார்.

"உங்கட மாமா செத்த அடுத்த நாளே அப்பாவுக்கு நான்தான் சொன்னனான், பிள்ளை. மனுசி தாங்கமாட்டா, அவவுக்கு இப்ப சொல்லாதை எண்டு கெஞ்சினவர். பிறகு, பொடியனுக்கு எட்டுச் செலவு செய்யக்கூட ஒருத்தரும் இல்லையே எண்டு அழுதவர். நான் வாறன் எண்டன். வேண்டாம், மகள் இருக்கிறாள் எண்டவர்."

அந்தப் புதன்கிழமை அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனது ஒரு செத்தவீட்டுக்கு. அப்போது எனக்கு அது தெரியாது. இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று அப்பாவிடம் கோப்பையை நீட்டினேன்.